அம்மாவின் விரல்களும் அக்குபங்சர் ஊசிகளும்: கீமோதெரபி தரும் நரம்புப் பாதிப்பு பற்றி ஓர் அறிமுகம்

முன்னுரை

என் அம்மா பூக்கட்டுபவர். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடையில் பதினெட்டு ஆண்டுகளாக மாலை கட்டி வருகிறார். தொலைக்காட்சியில் நாடகம் ஓடிக்கொண்டிருக்கும். அம்மாவின் கண் அங்கே இருக்கும். மடியில் மல்லிகைச் சரம் நீண்டுகொண்டே போகும். இரண்டு மொட்டு இப்படி, இரண்டு மொட்டு அப்படி, நடுவில் ஒரு முடிச்சு. நூலின் இறுக்கத்தை விரல்தான் சொல்லும் என்பார்.

அந்த விரல்கள் மரத்துப்போயின. மார்பகப் புற்றுநோய்க்காக அம்மாவுக்குக் கொடுத்த மருந்தின் பக்கவிளைவு அது. மருந்தியல் துறையில் நான்காம் ஆண்டு படிக்கும் எனக்கு அந்தப் பக்கவிளைவின் பெயர் பாடப்புத்தகத்தில் தெரிந்திருந்தது. வீட்டில் நடந்தபோது அடையாளம் தெரியவில்லை. அடையாளம் தெரிந்த பிறகும் சொல்ல வேண்டிய இடத்தில் சொல்லவில்லை. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன். கீமோதெரபி நரம்புகளை எப்படிப் பாதிக்கிறது, அதற்கு அக்குபங்சர் எனும் குத்தூசி மருத்துவம் உதவுமா, ஆய்வுகள் என்ன சொல்கின்றன, நம் பினாங்கில் என்ன வசதி இருக்கிறது என்பவற்றை முடிந்த அளவு எளிமையாகச் சொல்ல முயல்கிறேன்.

நம் சமுதாயமும் மார்பகப் புற்றுநோயும்

மலேசியப் பெண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் மார்பகப் புற்றுநோயே. 2012 முதல் 2016 வரையிலான தேசியப் புற்றுநோய்ப் பதிவேட்டின்படி, வயதுக்கேற்பச் சரிசெய்து கணக்கிட்டால், ஒரு லட்சம் பெண்களில் ஆண்டுக்கு 34.1 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. சீனப் பெண்களுக்கு அடுத்த நிலையில் இருப்பவர்கள் இந்தியப் பெண்கள். ஏறத்தாழப் பாதிப்பேர் மூன்றாம், நான்காம் கட்டத்தில்தான் மருத்துவரிடம் வருகிறார்கள் என்பதும் அதே பதிவேடு தரும் செய்தி.

இதனுடன் இன்னொரு கணக்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2019ஆம் ஆண்டின் தேசியச் சுகாதார ஆய்வில், நாட்டின் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, அதாவது நம் வீடுகளில் ‘இனிப்புநீர்’ என்று சொல்வது, இருப்பதாகத் தெரியவந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. இனிப்புநீர் தானாகவே கால் நரம்புகளைக் கெடுக்கக்கூடியது. ஏற்கெனவே நலிந்த நரம்பின் மேல் கீமோதெரபி மருந்தும் சேர்ந்தால் பாதிப்பு கூடும். என் அம்மாவுக்கு இனிப்புநீர் இருப்பது ஒன்பது ஆண்டுகளாகத் தெரியும். எனவே இக்கட்டுரையின் பொருள் நம் சமுதாயத்துக்குத் தூரத்துச் செய்தி அன்று.

மருந்து நரம்பைத் தொடுவது எப்படி?

அம்மாவுக்கு முதலில் மூன்று வாரத்துக்கு ஒருமுறை என நான்கு முறை ஒரு மருந்துக் கூட்டு கொடுத்தார்கள். பிறகு வாரம் ஒருமுறை என்று பன்னிரண்டு வாரங்களுக்குப் பாக்லிடாக்செல். முதல் மருந்தில் முடி கொட்டியது, வாந்தி வந்தது. இரண்டாவது மருந்தில் வாந்தி இல்லை. “இது பரவால்ல” என்று அம்மா மகிழ்ந்தார். நரம்பைத் தொடுவது இந்த இரண்டாவது மருந்துதான்.

பாக்லிடாக்செல் ஒரு மரத்திலிருந்து வந்தது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் வளரும் பசிபிக் யூ மரத்தின் பட்டையை 1962இல் சேகரித்து ஆராய்ந்தார்கள். மன்றோ வால், மன்சுக் வாணி என்ற இரு அறிஞர்கள் அதிலிருந்து இப்பொருளைப் பிரித்தெடுத்து, 1971இல் அதன் அமைப்பை வெளியிட்டனர். வாணி நம் இந்திய நாட்டில் பிறந்தவர். அது செயல்படும் விதத்தை 1979இல் சூசன் ஹார்விட்ஸ் கண்டறிந்தார். 1994இல் அமெரிக்காவில் மார்பகப் புற்றுநோய்க்கு அங்கீகாரம் கிடைத்தது.

உடலின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மிக நுண்ணிய குழாய்கள் உள்ளன. செல் இரண்டாகப் பிரியும்போது அவை கட்டப்பட்டும் கலைக்கப்பட்டும் வேலை செய்கின்றன. பாக்லிடாக்செல் அவற்றைக் கலைய விடாமல் இறுக்கிவிடுகிறது. பிரிய முடியாத புற்றுச்செல் செத்துப்போகிறது. நோய் குணமாவது இதனால்தான்.

நரம்புச் செல் பிரிவதில்லை. ஆனால் அதற்கும் இந்த நுண்குழாய்கள் தேவை. பினாங்குக் கொடிமலை ரயிலை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளவர்களுக்கு வேண்டிய பொருள்கள் தண்டவாளத்தின் வழியாகத்தான் ஏற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கால் விரலின் உணர்வை அறியும் நரம்புச் செல்லின் உடல் முதுகுத்தண்டின் அருகே இருக்கிறது. அங்கிருந்து விரல் நுனி வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம். அவ்வளவு தூரமும் சத்தும் பழுதுபார்க்கும் பொருள்களும் நுண்குழாய் என்ற தண்டவாளத்தின் மேல்தான் போகின்றன. தண்டவாளம் கெட்டால் முதலில் பட்டினி கிடப்பது கடைசி நிலையம். அதனால்தான் மிக நீளமான நரம்புகள் முடியும் கால் விரல்களில் பாதிப்பு தொடங்கி, பிறகு கை விரல்களுக்கு வருகிறது. காலுறையும் கையுறையும் அணிந்த பகுதி எதுவோ அதுவே பாதிக்கப்படும் பகுதி என்று மருத்துவர்கள் விளக்குவார்கள்.

எத்தனை பேருக்கு? எவ்வளவு காலம்?

2014இல் 31 ஆய்வுகளையும் நான்காயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளையும் ஒன்றுசேர்த்து வெளியான ஒரு கட்டுரையின்படி, கீமோதெரபி முடிந்த முதல் மாதத்தில் 68 விழுக்காட்டினருக்கு இந்நரம்புப் பாதிப்பு இருந்தது. மூன்றாம் மாதத்தில் 60 விழுக்காடு. ஆறு மாதமும் அதற்கு மேலும் கடந்த பின் 30 விழுக்காடு. அதாவது பலருக்கு நாளடைவில் குறைகிறது. ஆனால் எல்லாருக்கும் போய்விடுவதில்லை.

அமெரிக்காவில் புற்றுநோயிலிருந்து மீண்ட 462 பெண்களை ஆராய்ந்து 2017இல் வெளியிட்டார்கள். நோய் கண்டறியப்பட்டுச் சராசரியாக ஆறு ஆண்டுகள் ஆன பிறகும் 47 விழுக்காட்டினருக்கு அறிகுறிகள் இருந்தன. அவர்கள் கீழே விழும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. பாதம் தரையை உணராவிட்டால் படியில் கால் தவறுவது இயல்புதானே!

உறுதியான மருந்து உண்டா?

இந்நரம்புப் பாதிப்பு வராமல் தடுக்கும் மருந்து என்று எதையும் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவச் சங்கத்தின் 2020ஆம் ஆண்டு வழிகாட்டி பரிந்துரைக்கவில்லை. வந்த பிறகு வலியைக் குறைக்க அது பரிந்துரைத்த ஒரே மருந்து துலோக்செட்டின். 231 பேரிடம் நடத்தி 2013இல் வெளியான ஆய்வில், அம்மருந்தை உண்டவர்களில் 59 விழுக்காட்டினருக்கு வலி ஓரளவேனும் குறைந்தது. வெறும் மாத்திரை உண்டவர்களில் அது 38 விழுக்காடு. இம்மருந்து உதவுவது வலிக்குத்தான் என்பதைக் கவனிக்க வேண்டும்.

“சத்து மாத்திரைதானே, சாப்பிட்டால் என்ன?” என்று நம்மில் பலர் நினைப்பதுண்டு. அசிட்டைல்-எல்-கார்னிட்டின் என்ற சத்துப்பொருள் நரம்பைக் காக்கும் என நம்பி, மார்பகப் புற்றுநோய் கண்ட 409 பெண்களிடம் ஆராய்ந்தார்கள். 2013இல் முடிவு வந்தது. அதை உண்டவர்களுக்கு நரம்புப் பாதிப்பு கூடியிருந்தது! வைட்டமின் பி6கூட அளவுக்கு மீறினால் தானே நரம்பைக் கெடுக்கும். மருத்துவரைக் கேட்காமல் எதையும் வாங்கிக் கொடுக்கக் கூடாது என்பதற்கு இவையே சான்று.

இப்போதைக்கு மருத்துவர்களிடம் உள்ள முக்கியக் கருவி மருந்தின் அளவைக் குறைப்பது, தள்ளிவைப்பது, மாற்றுவது. அதற்கு நோயாளி தன் நிலையைச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் தவறு நடந்தது இங்கேதான்.

நான் செய்த தவறு

ஆறாவது வாரம். மருத்துவர் மலாய் மொழியில் கேட்டார்: கையில், காலில் ‘கெபாஸ்’ இருக்கிறதா? அம்மாவுக்கு மலாய் கடைப் பேச்சு அளவுக்குத்தான் வரும். நான்தான் மொழிபெயர்ப்பாளர். அம்மா என்னிடம் சொன்னார்: “காலு பஞ்சு மேல வச்ச மாதிரி இருக்கு. விரலு மதமதன்னு இருக்கு. நீ சொல்லாதமா, மருந்த நிறுத்திருவாங்க. அப்புறம் நோவு திரும்பிரும்.”

நான் மருத்துவரிடம், “சிக்கிட் சாஜா” என்றேன். கொஞ்சம்தான் என்று பொருள். அவர் எழுதிக்கொண்டார்.

ஒன்பதாவது வாரத்தில் அம்மா தோசை சுடும்போது விரல் கல்லின் ஓரத்தில் பட்டிருக்கிறது. பட்டது அவருக்குத் தெரியவில்லை. கொப்புளத்தைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அடுத்த சந்திப்பில் நான் எல்லாவற்றையும் சொன்னேன். மருத்துவர் கோபப்படவில்லை. மருந்தின் அளவைக் குறைத்தார். “முன்பே தெரிந்திருந்தால் முன்பே குறைத்திருக்கலாம். அளவைக் குறைப்பது சிகிச்சையைக் கைவிடுவது ஆகாது” என்றார். இந்த ஒரு வாக்கியத்தை நான் ஆறாவது வாரத்திலேயே அம்மாவுக்குக் கேட்டுச் சொல்லியிருக்கலாம். மூன்று வாரங்கள் போயின. அந்த மூன்று வாரங்கள் எவ்வளவு கெடுத்தன என்று அளக்க வழியில்லை.

அக்குபங்சர்: ஆய்வுகள் சொல்வது என்ன?

கீமோதெரபி முடிந்து மூன்று மாதமாகியும் எரிச்சல் குறையவில்லை. கடையில் வேலை செய்யும் சீன நண்பர் ஒருவர் அக்குபங்சரைப் பற்றி அம்மாவிடம் சொன்னார். அம்மா என்னைக் கேட்டார். இம்முறை படித்துவிட்டுப் பதில் சொல்வது என்று முடிவு செய்தேன்.

அக்குபங்சர் மயிரிழை போன்ற ஊசிகளைத் தோலில் குறிப்பிட்ட இடங்களில் செருகிச் சிறிது நேரம் விட்டு எடுக்கும் சீன மருத்துவ முறை. கை, கால் மரத்துப்போவதற்குக் கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே, முழங்காலுக்குக் கீழே, விரல் இடுக்குகளில் என ஊசி இடுவது வழக்கம். உடலில் ‘சீ’ எனும் உயிராற்றல் ஓடும் பாதைகளை அது சீராக்குகிறது என்பது சீன மரபின் விளக்கம். அறிவியலார் வேறு விதமாகத் தேடுகிறார்கள். ஊசி பட்ட இடத்தில் அடினோசின் என்ற பொருள் சுரந்து வலியைத் தணிப்பதை 2010இல் எலிகளிடம் காட்டினார்கள். மூளையில் எண்டார்பின் சுரப்பதையும் பலர் ஆராய்ந்துள்ளனர். ஆனால் கெட்டுப்போன நரம்பை ஊசி மீண்டும் வளர்க்கிறது என்று மனிதர்களிடம் உறுதியாக நிறுவப்படவில்லை.

நான் படித்தவற்றுள் முக்கியமான நான்கு ஆய்வுகளை இங்கே தருகிறேன்.

1. ஹாங்காங், 2019. நரம்புப் பாதிப்பு உள்ள 87 நோயாளிகள். ஒரு பிரிவினருக்கு எட்டு வாரம் ஊசி. மற்றவர்கள் காத்திருப்போர் பட்டியலில். ஊசி பெற்றவர்களுக்கு வலி குறைந்தது.

2. அமெரிக்கா, பாஸ்டன், 2020. மார்பகப் புற்றுநோய்க்கு மருந்து பெற்ற 40 பெண்கள். எட்டு வாரத்தில் 18 அமர்வுகள். உணர்வு தொடர்பான அறிகுறிகளும் வலியும் குறைந்தன.

3. அமெரிக்கா, நியூயார்க், 2020. 75 பேர், மூன்று பிரிவுகள்: உண்மை ஊசி, பாவனை ஊசி, வழக்கமான பராமரிப்பு மட்டும். எட்டாவது வாரத்தில் உண்மை ஊசி பெற்றவர்களுக்கு வழக்கமான பராமரிப்பு பெற்றவர்களைவிட வலி நன்றாகக் குறைந்திருந்தது. பாவனை ஊசி பெற்றவர்களுக்கும் ஓரளவு குறைந்திருந்தது.

4. அமெரிக்கா, 2016. மார்பகப் புற்றுநோய் கண்ட 63 பெண்கள். இவர்களுக்கு மருந்து ஏற்றும் காலத்திலேயே, பாதிப்பு வராமல் தடுக்க, வாரந்தோறும் மின்சாரம் இணைத்த ஊசி கொடுத்தார்கள். பயன் இல்லை. சிகிச்சை முடிந்து நான்கு வாரம் கழித்துப் பார்த்தால், பாவனை ஊசி பெற்றவர்களைவிட இவர்களுக்கு வலி கூடுதலாக இருந்தது.

முதல் மூன்றும் நம்பிக்கை தருகின்றன. ஆனால் மூன்றும் சிறிய ஆய்வுகள். முதல் இரண்டில் நோயாளிக்குத் தான் ஊசி பெறுவது தெரியும். கவனிப்பும் எதிர்பார்ப்பும்கூட வலியைக் குறைக்கக்கூடும். மூன்றாவது ஆய்வில் பாவனை ஊசிக்கும் சிறிது பலன் இருந்தது இந்த ஐயத்தை வலுப்படுத்துகிறது. நான்காவதோ, தடுப்பதும் தணிப்பதும் வேறு என்று எச்சரிக்கிறது. மேற்சொன்ன 2020 வழிகாட்டி, அக்குபங்சர் பயன் தரக்கூடும் என்பதற்குத் தொடக்கநிலைச் சான்று உண்டு, ஆனால் பரிந்துரைக்கப் போதாது என்று கூறியது. எனவே, “வந்த பின் எரிச்சல் குறையலாம், மரத்தது திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது, கீமோதெரபிக்கு இது மாற்று இல்லவே இல்லை” என்று அம்மாவிடம் சொன்னேன்.

பினாங்கில் உள்ள வசதிகள்

பினாங்குக்கும் சீன மருத்துவத்துக்கும் நெடுங்காலத் தொடர்பு உண்டு. இன்றைய லாம் வா ஈ மருத்துவமனை, 1880களில் ஜார்ஜ்டவுன் முந்த்ரி வீதியில் ஏழைகளுக்குச் சீன மருத்துவம் பார்க்கும் இடமாகத் தொடங்கியதே. அரசாங்கத் துறையிலும் பினாங்கு மாநிலம் முன்னோடி. பாரம்பரிய, நிரப்பு மருத்துவப் பிரிவு அரசாங்க மருத்துவமனை ஒன்றில் முதன்முதலாக 2007இல் தொடங்கப்பட்டது நம் கெப்பாலா பத்தாஸ் மருத்துவமனையில்தான். நாட்பட்ட வலிக்கும் பக்கவாதத்துக்குப் பிந்தைய நிலைக்கும் அக்குபங்சர், மலாய் பாரம்பரிய உருவுதல் முதலியவை இத்தகைய பிரிவுகளில் வழங்கப்படுகின்றன. மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் தேவை. தனியாரிடம் செல்வோர், 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, நிரப்பு மருத்துவச் சட்டத்தின் (சட்டம் 775) கீழ் பதிவு பெற்றவரா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

செல்வதற்கு முன் மூன்று செய்திகளைச் சொல்ல மறக்கக் கூடாது. முதலாவது, இரத்த அணுக்களின் அளவு. வெள்ளணுவும் தட்டணுவும் குறைந்திருக்கும்போது ஊசி குத்தினால் கிருமித்தொற்றோ இரத்தக்கசிவோ ஏற்படலாம். இரண்டாவது, எந்தப் பக்கம் அக்குளில் நிணநீர்க் கணுக்கள் எடுக்கப்பட்டன என்பது. அந்தக் கையில் பொதுவாக ஊசியைத் தவிர்ப்பார்கள். மூன்றாவது, இனிப்புநீர். காலில் சிறு புண்ணும் ஆறத் தாமதமாகும். ஊசிகள் ஒருமுறை மட்டும் பயன்படுத்தி எறியப்படுபவையாக இருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

அம்மாவின் எட்டு வாரங்கள்

புற்றுநோய் மருத்துவரின் கடிதத்துடன் அம்மா சென்றார். எட்டு வாரத்தில் பன்னிரண்டு அமர்வுகள். முதல் நாள் பயந்தார். “ஊசி புடிச்சே பொழைக்கிறவளுக்கு ஊசியப் பாத்துப் பயமா?” என்று அப்பா கேலி செய்தார்.

ஒவ்வோர் இரவும் எரிச்சலுக்கும் மரப்புக்கும் தனித்தனியே சுழியம் முதல் பத்து வரை மதிப்பெண் போடச் சொல்லி, ஒரு பள்ளிக் குறிப்பேட்டில் எழுதினேன். தொடக்கத்தில் எரிச்சல் ஏழு, மரப்பு ஆறு. எட்டாவது வாரம் எரிச்சல் நான்கு, மரப்பு ஐந்து. இரவில் எழுந்து காலைத் தேய்ப்பது நின்றது. இது ஊசியால் வந்ததா, நாள் கடந்ததால் வந்ததா, அதே காலத்தில் இனிப்புநீரைக் கட்டுப்படுத்தியதால் வந்ததா? ஒரே ஒருவரின் குறிப்பேடு இதற்குப் பதில் சொல்லாது. அம்மா மட்டும், “எதாலயோ, தூக்கம் வருதுல்ல” என்கிறார்.

இவ்வாண்டு தைப்பூசத்துக்கு அம்மா கடைக்குத் திரும்பினார். ஓர்க்கிட்டும் சாமந்தியும் கோக்க முடிகிறது. அவை பெரிய பூக்கள். மல்லிகை மொட்டு இன்னும் விரலுக்கு அகப்படவில்லை. பார்த்துப் பார்த்துத்தான் கட்டுகிறார். முன்பு கட்டியதில் பாதி முழம்தான் முடிகிறது. முழக் கணக்கில்தான் கூலி. கடைக்கார அக்கா ஒன்றும் சொல்லவில்லை. அம்மாதான் வீட்டுக்கு வந்து, “தண்ணிமலைக்கு என் கையால ஒரு சரம் போச்சு, போதும்” என்றார். அவர் அழுததை நான் பார்த்தேன். பார்க்காதது போல இருந்தேன்.

மொழிபெயர்க்கப் போகும் பிள்ளைகளுக்கு

இவ்விதழைப் படிக்கும் பலர் என்னைப் போல் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றவர்கள். உடம்பு நோவைச் சொல்லும் சொற்கள் நமக்கு வீட்டுத் தமிழில் இருக்கின்றன. அறிவியல் சொற்கள் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கின்றன. இரண்டும் நம் தலைக்குள் சந்திப்பதே இல்லை. மருத்துவரின் அறையில் அவற்றைச் சந்திக்க வைப்பது நம் வேலை.

அம்மா ஒரே வாரத்தில் பயன்படுத்திய சொற்களைப் பாருங்கள்: மரத்துப்போச்சு, மதமதப்பு, எரிச்சல், எறும்பு ஊருது, ஊசி குத்துது, பஞ்சுல நடக்குற மாதிரி. நான் இவை எல்லாவற்றையும் ‘கெபாஸ்’ என்ற ஒரு சொல்லில் போட்டு மூடினேன். ஆனால் எரிச்சலும் குத்தலும் வலி. அவற்றுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கலாம். மரப்பு உணர்விழப்பு, அதற்கு அளவைக் குறைப்பதும் காயம் படாமல் காப்பதும்தான். பஞ்சில் நடப்பது போலிருந்தால் விழும் ஆபத்து இருக்கிறது. தமிழில் வேறு வேறாகச் சொன்னதை வேறு வேறாகவே கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும்.

‘கொஞ்சமா, நிறையவா?’ என்று கேட்பதைவிட, ‘எதைச் செய்ய முடியவில்லை?’ என்று கேட்பது மேல். மருத்துவர்கள் பாதிப்பைத் தரம் பிரிப்பதும் அப்படித்தான். சமையல், கடைக்குப் போவது போன்றவை தடைப்பட்டால் ஒரு தரம். குளிப்பது, உடுத்துவது போன்றவையே தடைப்பட்டால் அதைவிடக் கடுமையான தரம். ரவிக்கை ஊக்கு மாட்ட முடிகிறதா, செருப்பு கழன்றால் தெரிகிறதா, சில்லறைக் காசைப் பையில் தொட்டே அடையாளம் காண முடிகிறதா என்று ஒவ்வொரு வாரமும் வீட்டிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். “சொல்லாதே” என்று அம்மா சொன்னால், ஏன் என்று கேளுங்கள். அந்த அச்சத்தையும் சேர்த்து மருத்துவரிடம் மொழிபெயருங்கள்.

முடிவுரை

திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’. அதன் நிறைவுக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக்குகிறார்: நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிருந்து பணி செய்பவர். தமிழ்ப்பள்ளி நாளிலிருந்து படித்த குறள்தான். நான்காவது கூறு யார் என்று அப்போது யோசித்ததில்லை. இப்போது தெரிகிறது. அக்குபங்சர் ஊசி எவ்வளவு உதவும் என்பதைப் பெரிய ஆய்வுகள் வந்து சொல்லட்டும். அதுவரை, மருத்துவர் கேட்கும்போது உள்ளதை உள்ளபடி சொல்வது நம் கையில் இருக்கிறது. அதற்கு ஊசியும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.